பூனை என்னும் குறியீடு: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் விலங்குகளுள், பூனையைப் போல ஒன்றுக்கொன்று முரணான பொருள்களைச் சுமந்து நிற்கும் மற்றொன்றைக் காண்பது அரிது. எகிப்தில் தெய்வத்தின் உருவாகவும், இடைக்கால ஐரோப்பாவில் சாத்தானின் துணையாகவும், வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் தேவியின் ஊர்தியாகவும், மகாபாரதத்தில் போலித் துறவியாகவும், தென்னாட்டு வைணவத்தில் இறைவனின் அருளுக்கே உவமையாகவும், இஸ்லாமிய நெறிநூல்களில் வீட்டாரோடு உலவித் திரியும் தூய உயிராகவும் அது எண்ணப்பட்டிருக்கிறது. இப்பொருள்களை நாடுவாரியாகத் தொகுத்தவர்கள் பலர் எனினும், அத்தொகுப்புகள் பெரும்பாலும் வியப்புகளை வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. ஒரே விலங்கு இத்தனை எதிர்மறைகளுக்கு எவ்வாறு இடங்கொடுத்தது என்பதே கேட்கப்பட வேண்டிய வினா. குறியீடு என்பது ஒரு பொருள் தன்னைக் கடந்து வேறொன்றை உணர்த்தி நிற்பது. அவ்வாறு உணர்த்துவதற்கு அப்பொருளிடம் கண்ணுக்குத் தெரியும் ஏதேனும் ஒரு கைப்பிடி இருந்தாக வேண்டும். பூனையிடம் அத்தகைய கைப்பிடிகள் சிலவே உள்ளன: அசையாமல் கண்ணை மூடிக் கிடத்தல், குட்டியை வாயாற் கௌவி எடுத்துச் செல்லல், வீட்டுக்கும் வெளிக்கும் இடையே தன் விருப்பம்போல் உலாவல், இருளில் விழித்திருத்தல், எலியை வேட்டையாடல். ஒவ்வொரு மரபும் இவற்றுள் சிலவற்றைப் பற்றிக்கொண்டு ஏனையவற்றைக் கைவிட்டது என்பதும், எதைப் பற்றியது என்பதை அம்மக்களின் வாழ்க்கை அக்கறைகளே பெரிதும் தீர்மானித்தன என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

இவ்வினாவை ஆராய்வதற்கு மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நிலப்பகுதி மிகப் பொருத்தமான ஒரு நிலைக்களம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் இந்து, இஸ்லாமிய, கத்தோலிக்க, மெதடிஸ்த மக்கள் அடுத்தடுத்த ஊர்களில் நெருங்கி வாழ்கின்றனர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வட்டைகள் எனப்படும் நெல்வயல் வெளிகளும் அவற்றைக் காக்க அமைத்த வாடிகள் என்னும் குடில்களும் பரந்து கிடக்கின்றன. அதற்கும் அப்பால் பௌத்த சிங்களக் குடியிருப்புகள் தொடங்குகின்றன. நெல்லைச் சேமிக்கும் வீடு, மீனைக் காயவைக்கும் முற்றம், தொழுகைக்கு முன் உடல் கழுவும் நீர், கோவில் வீதி ஆகிய அனைத்தும் சில கிலோமீற்றர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், உலகின் பெருமரபுகள் பூனைக்கு இட்ட பொருள்களில் முக்கியமான சில இங்கே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் காணக் கிடைக்கின்றன.

பூனை மனிதனிடம் வந்ததற்குத் தானியமே காரணம் என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மேற்காசியாவில் உழவு தொடங்கித் தானியம் குவிக்கப்பட்டபோது எலி பெருகியது. எலியைத் தொடர்ந்து காட்டுப்பூனை வந்தது. மனிதன் அதைத் துரத்தவில்லை. சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித உடலுக்கு அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை 2004ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அத்தீவில் இயற்கையாகப் பூனையினம் இல்லாததால், அது படகேற்றிக் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். நாயையும் மாட்டையும் மனிதன் பழக்கினான் என்று சொல்வதுபோல் பூனையைப் பழக்கினான் என்று சொல்வது கடினம். அது தன் பயன் கருதி வந்து, தன் இயல்பை அதிகம் விட்டுக்கொடுக்காமல் தங்கிவிட்டது. வேலை வாங்கவும் இயலாத, விரட்டவும் தேவையற்ற இந்த நிலைதான் பின்னாளைய கற்பனைகளுக்கெல்லாம் விளைநிலமாயிற்று.

எகிப்தியர் அந்த வேட்டைத் திறனையும் தாய்மையையும் ஒருங்கே பார்த்தனர். பாசுடெட் என்னும் தேவி முதலில் சிங்கத் தலையுடையவளாக இருந்து, காலப்போக்கில் பூனைத் தலையுடையவளாக மாறினாள். அவளுக்குரிய நகரமான புபாசுடிசில் நடந்த விழாவைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு விரித்து எழுதியுள்ளார். வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் அவ்வீட்டார் அனைவரும் புருவத்தை மழித்துக்கொள்வர் என்பதும் அவர் தரும் செய்தி. தவறுதலாகப் பூனையைக் கொன்ற உரோமன் ஒருவனை மக்கள் கூட்டம் அடித்துக் கொன்றதைத் தாம் நேரில் கண்டதாக, கி.மு. முதல் நூற்றாண்டில் அங்கே சென்ற வரலாற்றாசிரியர் தியோதோரசு குறிப்பிடுகிறார். ஆனால் இவ்வழிபாட்டை அன்பின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது பிழையாகும். கிடைத்துள்ள பதப்படுத்திய பூனை உடல்கள் பலவற்றை ஊடுகதிர் கொண்டு ஆராய்ந்தபோது, அவை கழுத்து முறிக்கப்பட்ட இளம்பூனைகள் என்பது தெரியவந்தது. காணிக்கைக்கென்றே வளர்க்கப்பட்டு, காணிக்கைக்கென்றே கொல்லப்பட்டவை அவை. தெய்வத்தின் உருவம் என்ற தகுதி உயிருள்ள பூனைக்குப் பாதுகாப்பாக அமையவில்லை. அவ்வுடல்களின் பிற்கால வரலாறு இன்னும் துயரமானது: 1890ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 தொன் எடையுள்ள பூனை உடல்கள் கப்பலில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வயலுக்கு உரமாக விற்கப்பட்டன.

தமிழில் பூனையின் மிகப் பழைய வடிவம் வெருகு என்னும் காட்டுப்பூனை. அதன் இளமைப் பெயர் குட்டி என்பதைத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கிறது. குறுந்தொகையில் வெருகு இடம்பெறும் பாடல்களுள் இரண்டு ஒக்கூர் மாசாத்தியார் என்னும் ஒரே பெண்பாற் புலவருடையவை என்பது தனியே நினைக்கத்தக்கது. 139ஆம் பாடலில், மாலை வேளையில் வேலியருகே வெருகு வந்துவிட, குஞ்சுகளைக் காணாது தவித்துக் கூவும் கோழிப்பேடு காட்டப்படுகிறது. 220ஆம் பாடலிலோ, மழைக்காலத்து முல்லை அரும்பு அவிழும் தோற்றத்துக்கு வெருகின் பல் தெரியும் சிரிப்பே உவமையாகிறது. முதற்பாடலில் அச்சத்தின் உருவாக வந்த விலங்கு இரண்டாவதில் மலரின் அழகுக்குத் துணைநிற்கிறது. அவ்விரண்டுக்கும் இடையே கவிஞருக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. மதுரைக் கண்ணனார் பாடிய 107ஆம் பாடலில், விடியலில் கூவித் துயிலெழுப்பிய சேவலை, நள்ளிரவில் வீட்டெலிக்காகக் காத்திருக்கும் வெருகுக்கு இரையாகுமாறு தலைவி சபிக்கிறாள். காட்டுக்குரிய வெருகு எலியை நாடி இரவில் வீட்டுக்குள் நுழைவதை இப்பாடல் போகிறபோக்கில் பதிவு செய்கிறது. பூனை வீட்டு விலங்காக மாறும் நெடுங்கதையின் ஒரு கட்டத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று பழந்தமிழில் இருப்பதாகத் தோன்றவில்லை. சங்கப் புலவர்கள் வெருகின்மீது ஒழுக்கத் தீர்ப்பு எதையும் ஏற்றவில்லை என்பதும் கவனத்துக்குரியது. அத்தீர்ப்பு வேறு வழியாக வந்தது.

இரைக்காகக் காத்திருக்கும் பூனை மூச்சுக்கூடத் தெரியாமல் அமர்ந்திருக்கும். அதன் பாதி மூடிய கண்களும் ஒடுங்கிய உடலும் யோகியின் இருப்பை நினைவூட்டும். இந்த ஒற்றுமையை இந்திய மரபு அறிந்துகொண்டதும், அதிலிருந்து போலித் துறவு என்னும் பொருளை வார்த்தெடுத்ததும் மிகப் பழைய செய்திகள். மனுநூல், வஞ்சக நோன்பினரைப் பூனை நோன்பினர் என்றே பெயரிட்டு ஒதுக்குகிறது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில், போர் தொடங்குமுன் துரியோதனன் உலூகன் என்பவனைத் தூதனுப்பி, தருமனைப் பழிக்கும்படி ஒரு கதையைச் சொல்லச் செய்கிறான். கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவம் செய்வதுபோல் நின்ற பூனையை நம்பிய எலிகள், தம் குடும்பங்களைக் காக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கின்றன. தவத்தால் உடல் தளர்ந்துவிட்டதாகக் கூறும் பூனையை அவை நாள்தோறும் ஆற்றுக்குத் தாங்கிச் செல்கின்றன. எலிகளின் தொகை குறையக் குறையப் பூனை கொழுக்கிறது. கிழங்கும் கனியும் உண்பவரின் மலத்தில் மயிர் இருக்காதே என்று எலி ஒன்று ஆராய்ந்து சொன்ன பின்னரே உண்மை வெளிப்படுகிறது. வஞ்சகத்தை நடத்தை கொண்டும் சொல் கொண்டும் அளக்காமல், எச்சம் கொண்டு அளக்கும் இக்கதையின் கூர்மை வியக்கத்தக்கது. அதைச் சொல்பவன் துரியோதனன் என்பதையும் மறக்கலாகாது. நேர்மையான ஒருவனைப் போலி என்று இழிவுபடுத்தவே இங்கே பூனை பயன்படுகிறது. வாவியின் தென்கோடிக்கு அண்மையிலுள்ள பாண்டிருப்பில், திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பு விழாவோடு பாரதக் கதை சடங்காக நிகழ்த்தப்படுகிறது. இப்பகுதியின் வடமோடி என்னும் நாட்டுக்கூத்து வகைக்கும் பாரதம் ஒரு பெருங்களஞ்சியம். ஆகவே இவ்விதிகாசத்தின் உலகம் வாவிக்கரை மக்களுக்கு ஏட்டில் மட்டும் உள்ளதன்று.

இதே கதை பௌத்த சாதகக் கதைகளில் 128ஆவதாக வருகிறது. தலைப்பும் செய்யுளும் பூனையைக் குறிக்க, உரைநடைப் பகுதியோ ஒற்றைக்காலில் நின்று காற்றை உண்பதாகப் பாசாங்கு செய்யும் நரியைப் பேசுகிறது. கதை வாய்மொழியில் பயணம் செய்தபோது விலங்கு மாறியும் பழம் பெயர் ஒட்டிக்கொண்டே வந்ததை இப்பொருத்தமின்மை காட்டிக்கொடுக்கிறது. பஞ்சதந்திரத்தில் முயலுக்கும் பறவைக்கும் வழக்குத் தீர்ப்பதாகக் கூறி இரண்டையும் விழுங்கும் பூனையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 8ஆம் நூற்றாண்டில் இபுனுல் முகஃபா அரபு மொழியில் ஆக்கிய கலீலா வதிம்னா வழியாக அது மேற்கே சென்றது. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய பெருந்தவச் சிற்பத்தொகுதியில், யானையின் அருகே பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்திய பூனையும், அதைச் சுற்றி எலிகளும் உள்ளன. மேலே ஒற்றைக்காலில் கையுயர்த்தி நிற்கும் முனிவரின் நிலையைப் பூனை அப்படியே எதிரொலிக்கிறது. இதனைப் போலித்தவத்தின் கேலியாகக் கொள்வோர் பலர். புனித நிகழ்ச்சியின் முன்னிலையில் பூனையும் எலியும் பகை மறந்ததாகக் கொள்வோரும் உளர். சிற்பத்தில் எலிகளிடம் அச்சத்தின் குறி எதுவும் காணப்படாமையால், இரண்டாவது விளக்கத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. பேச்சுத் தமிழ் இந்த ஐயத்துக்கு இடமளிக்கவில்லை. உருத்திராட்சப் பூனை என்றாலும், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றாலும் பொருள் ஒன்றுதான். திருக்குறள் கூடாவொழுக்கத்தைப் பேசும் 28ஆம் அதிகாரத்தில் புலித்தோல் போர்த்த பசுவையும் புதரில் மறைந்த வேடனையும் காட்டுகிறதேயன்றிப் பூனையைக் காட்டவில்லை என்பதால், தமிழில் இக்குறியீடு வடமொழிக் கதைமரபின் வழியே வலுப்பெற்றது என்று கொள்ள இடமுண்டு.

எனினும் மகாபாரதமே இத்தீர்ப்பை முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. சாந்தி பருவத்தில் பீடுமர் தருமனுக்குச் சொல்லும் கதையில், வலையில் சிக்கிய உலோமசன் என்னும் பூனையும், வேறு பகைவர் சூழ நின்ற பலிதன் என்னும் எலியும் உடன்பாடு செய்துகொள்கின்றன. எலி வேடன் வரும்வரை காத்திருந்து கடைசிக் கணத்தில் வலையை அறுக்கிறது. ஆபத்துக் கழிந்தபின் நட்பை நீடிக்கப் பூனை அழைத்தும் எலி மறுத்துவிடுகிறது. இங்கே பூனை வஞ்சகத்தின் உருவன்று; தேவையால் நேரும் நட்பின் எல்லையை விளக்க வந்த வலியோன்.

குட்டியைக் கௌவிச் செல்லும் தாய்ப்பூனையை முதன்மைப்படுத்திய மரபு, மனித சிந்தனை பூனைக்கு அளித்த பொருள்களுள் மிக உயர்ந்ததை உருவாக்கியது எனலாம். இராமானுசருக்குப் பின் தென்னாட்டு வைணவத்தில் எழுந்த பெரும் வினா, உயிர் கடைத்தேறுவதில் அதன் சொந்த முயற்சிக்கு எவ்வளவு இடமுண்டு என்பது. இதனை விளக்க இரண்டு நியாயங்கள், அதாவது உவமை வழியான விளக்கங்கள், கூறப்பட்டன. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பிடி தளர்ந்தால் விழுந்துவிடும். இது மர்க்கட நியாயம். பூனைக்குட்டியோ எதையும் பற்றுவதில்லை. தாய் கௌவியதும் உடலைத் தளரவிட்டுத் தொங்குகிறது. கொண்டு சேர்ப்பது முழுவதும் தாயின் பொறுப்பு. இது மார்ச்சார நியாயம். வேதாந்த தேசிகரைத் தலையாகக் கொள்ளும் வடகலையார்க்கு முதலாவதும், பிள்ளை லோகாசாரியரையும் மணவாள மாமுனிகளையும் போற்றும் தென்கலையார்க்கு இரண்டாவதும் உரியனவாயின. சரணாகதி என்னும் முழு ஒப்படைப்புக்கு இதைவிடச் செம்மையான உவமை கிடைப்பது கடினம். ஏனெனில் எலியைக் கொல்லும் அதே பற்களே குட்டியைச் சுமக்கின்றன. கூரிய பல் தோலில் பதிந்தும் காயப்படாத அந்தப் பிடியில், ஆற்றலும் அருளும் வேறுபடாமல் நிற்கின்றன. கதை சொல்லிகள் கண்ட பூனையின் வாயும் ஆசாரியர்கள் கண்ட பூனையின் வாயும் ஒன்றுதான்.

மட்டக்களப்பு சைவத்தாலும் கண்ணகி வழிபாட்டாலும் உருவான நிலம். வைணவக் கலைவேறுபாடுகள் இங்கே வேர்கொள்ளவில்லை. ஆயினும் இவ்வுவமை வாவிக்கரையை வந்தடைய வேறொரு வழி இருந்தது. இராமகிருஷ்ண பரமஅம்சர் குரங்குக்குட்டியையும் பூனைக்குட்டியையும் எடுத்துக்காட்டாகக் கூறி, குட்டி மியாவ் என்று அழைப்பதைத் தவிர வேறொன்றும் அறியாது, அதை அடுக்களையில் வைப்பதும் வீட்டாரின் படுக்கையில் வைப்பதும் தாயின் விருப்பம் என்று விளக்கினார். அவர் பெயரால் அமைந்த மிஷனில் துறவு பூண்ட காரைதீவைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவினார். வங்காளத்துக் கோவில் முற்றத்துப் பேச்சில் ஒலித்த உவமை, கல்விநிலையங்களின் வழியே கிழக்கிலங்கைக்கு வரும் பாதை அவ்வாறு திறந்தது.

வங்காளத்துக்கே உரிய மற்றொரு தாய்ப்பூனை இங்கே வந்து சேராததும் சிந்திக்கத்தக்கது. மகப்பேற்றையும் குழந்தை நலத்தையும் காக்கும் சட்டித் தேவிக்கு அங்கே பூனையே ஊர்தி; பூனையைத் துன்புறுத்தும் பெண்ணின் குழந்தைகளுக்குத் தேவியின் சினத்தால் தீங்கு நேரும் என்னும் விரதக் கதைகள் அவளைச் சூழ்ந்துள்ளன. மகாபாரதம் முருகனின் மனைவி தேவசேனையின் பெயர்களுள் ஒன்றாகச் சட்டி என்பதையும் கூறுகிறது. படுவான்கரையின் மண்டூரில் முருக வழிபாடு ஆழ வேரூன்றி, அவ்வூர் சின்னக்கதிர்காமம் என்றே போற்றப்படுகிறது. தேவசேனையாகிய தெய்வயானையும் அங்கே அறியப்பட்டவளே. ஆனால் தமிழ் மரபில் அவளோடு பூனை வரவில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தில் கல்நந்தி புல் தின்று போர்த்துக்கேயரை அஞ்சச்செய்த ஐதீகம் எருதுக்கு இப்பகுதியில் உள்ள மதிப்பைக் காட்டுகிறது; உழவும் மந்தையும் செல்வமாக எண்ணப்பட்ட, போடியார் எனப்படும் நிலவுடைமையாளர் காலத்துச் சமூகத்தில் எருது புனிதமடைந்ததும், நெல்லைக் காத்த பூனை அடையாததும் தற்செயலாகத் தோன்றவில்லை. எருதின் உழைப்பு பகலில் எல்லோர் கண்முன்னும் நிகழ்வது. பூனையின் உழைப்போ இருளில் யாரும் காணாமல் முடிந்துவிடுவது.

இராம காதையிலும் பூனை சிறிது நேரமே தோன்றினாலும் நினைவில் நிற்கிறது. கம்பர் தம் அவையடக்கத்தில் இராமகாதையைச் சொல்ல முனையும் தம்மை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்கு ஒப்பிடுகிறார். அகலிகையிடம் வந்த இந்திரன் அவள் கணவரான முனிவரைக் கண்டதும் பூனை உருவில் நழுவ முயல்வதும் அவரது காப்பியத்தில் உண்டு. ஒன்றில் அடக்கமும் மற்றொன்றில் கள்ளமும் பூனையாகின்றன. வான்மீகியின் சுந்தர காண்டத்தில் அனுமன் இலங்கைக்குள் இரவில் புகும்போது தன் உடலைப் பூனையளவுக்குச் சுருக்கிக்கொள்கிறான். காவலை ஏமாற்றும் நுழைவு இங்கே வீரச்செயலாகப் போற்றப்படுகிறது. அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்தை இராமாயண நிகழ்ச்சிகளோடு இணைக்கும் ஐதீகமுடைய மட்டக்களப்பில், இலங்கைக்குள் பூனையளவினனாய் வந்த அனுமனை நினைப்பது பொருத்தமானதே.

வீட்டுக்கும் வெளிக்கும் இடையே தடையின்றி உலாவும் இயல்பு, வாவிக்கரையின் இரு பெரும் சமூகங்களிடையே நேரெதிரான பொருள்களைப் பெற்றிருக்கிறது. ஹதீஸ் எனப்படுபவை நபிகள் நாயகத்தின் சொல்லையும் செயலையும் பதிவு செய்யும் அறிவிப்புகள். அபூதாவூத், திர்மிதி, இமாம் மாலிக்கின் முவத்தா ஆகிய தொகுப்புகளில் இடம்பெறும் ஓர் அறிவிப்பின்படி, கப்ஷா என்னும் பெண்மணி தம் மாமனார் அபூ கத்தாதாவுக்கு உளூச் செய்ய, அதாவது தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவ, நீர் வார்த்தார். அப்போது ஒரு பூனை வந்து குடிக்க முற்பட்டது; அவர் பாத்திரத்தை அதற்கு வசதியாகச் சரித்துப் பிடித்தார். மருமகள் வியந்து நோக்குவதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி உலவித் திரிவனவற்றுள் ஒன்று என நபிகள் கூறியதாக விளக்கினார். இங்கே தூய்மைக்குக் காட்டப்படும் காரணமே அதன் உலாவல் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. வீட்டாரோடு கலந்து திரியும் உயிரை அசுத்தமென்று ஒதுக்கினால் வாழ்க்கை நெருக்கடிக்குள்ளாகும் என்ற கருணை மிகுந்த நடைமுறை அறிவு அச்சட்டத்தின் அடியில் உள்ளது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ நெறியில், பூனை குடித்து எஞ்சிய நீர் தூயதே. நாய் வாய்வைத்த பாத்திரத்தையோ ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண்ணிட்டு, கழுவ வேண்டும். பூனையை அடைத்துவைத்து உணவளிக்காமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானதாக ஹதீஸ் தொகுப்பாளர்களான புகாரியும் முஸ்லிமும் பதிந்துள்ளனர். பூனைப் பிரியத்தால் பெயர் பெற்ற நபித்தோழர் அபூஹுரைரா மிகுதியான ஹதீஸ்களை அறிவித்தவர். தம் அங்கியில் உறங்கிய பூனையை எழுப்ப மனமின்றி நபிகள் அங்கியின் ஓரத்தை அறுத்தெடுத்தார் என்னும் கதை பரவலாகச் சொல்லப்பட்டாலும், நம்பகமான ஹதீஸ் தொகுப்புகளில் இடம்பெறவில்லை. அது மக்கள் அன்பு புனைந்த கதை. அக்கதையின் துணையின்றியே பூனையின் தகுதி அங்கே உறுதியாக நிற்கிறது.

அதே உலாவலைத் தமிழ் இந்துக்களின் சகுன நம்பிக்கை அச்சத்தோடு பார்த்தது. சகுனம் என்பது புறப்படும் வேளையில் எதிர்ப்படுவதைக் கொண்டு செயலின் விளைவைக் கணிப்பது. பயணம் தொடங்குவோனின் பாதையைத் தன் போக்கில் வெட்டிச் செல்லும் விலங்கு, அவன் நினைத்த நேர்கோட்டைக் குலைப்பதாக எண்ணப்பட்டது. இந்நம்பிக்கையின் உள்முரணைத் தமிழர் தாமே அறிந்திருந்தனர் என்பதற்கு, மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்தது போல என்னும் பழமொழி சான்று. காத்தான்குடியும் ஆரையம்பதியும் எல்லை தெரியாமல் ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். முன்னதில் பூனை வாய்வைத்த நீரில் ஒருவர் ஐயமின்றி உளூச் செய்யலாம். பின்னதில் அதே பூனை குறுக்கே போனதற்காக மற்றொருவர் சற்று நின்று போகலாம். இரு ஊராரும் தாய்வழிக் குடிமுறையையும் பெண்ணுக்கே வீடு கொடுக்கும் வழக்கத்தையும் பகிர்ந்துகொள்பவர்கள், மொழியும் ஒன்றே. இத்தனையும் பொதுவாக இருந்தும் பூனையின் பொருள் மாறுபடுவதால், நிலமும் மொழியும் வாழ்க்கைமுறையும் மட்டுமே குறியீட்டை முடிவுசெய்வதில்லை என்பதும், தூய்மை பற்றிய நெறிநூலின் ஒரு சொல் ஊரின் பழக்கத்தையே திருப்பிவிடக் கூடியது என்பதும் தெளிவாகின்றன.

கிறித்தவ மறைநூலில் பூனைக்கு இடம் மிகச் சிறிது. கத்தோலிக்கர் ஏற்கும் பாரூக்கு நூலின் 6ஆம் அதிகாரத்தில், உயிரற்ற சிலைகளின்மேல் பறவைகளோடு பூனைகளும் அமர்வதாக வரும் ஒரு குறிப்பே கூறத்தக்கது. ஆகவே இருளின் விலங்கு என்ற அவப்பெயரை மறைநூல் தரவில்லை. இடைக்கால ஐரோப்பாவின் அச்சங்களே தந்தன. 1233இல் பாப்பரசர் ஒன்பதாம் கிரகோரியார் செருமனியின் திரிபுக் கொள்கையினரைக் கண்டித்து எழுதிய மடலில், அவர்களின் இரகசியச் சடங்கில் ஒரு கரும்பூனை தோன்றுவதாக விவரிக்கப்பட்டுள்ளது. அம்மடல் பூனைகளைக் கொல்லுமாறு ஆணையிடவில்லை. பூனைகள் ஒழிக்கப்பட்டதால்தான் பின்னர் கொள்ளைநோய் பரவியது என்று பலரும் எழுதுவதற்கும் உறுதியான சான்றில்லை. ஆனால் சூனியக்காரியின் துணைவிலங்கு என்னும் எண்ணம் பின்வந்த நூற்றாண்டுகளில் தனித்து வாழ்ந்த முதிய பெண்கள் பலரின் உயிருக்கு உலைவைத்தது. பெல்சியத்தின் ஈப்பர் நகரில் கோபுரத்திலிருந்து பூனைகளை வீசும் வழக்கம் 1817 வரை நீடித்தது. இன்று அங்கே துணிப்பூனைகளே வீசப்படுகின்றன. அதே ஐரோப்பாவின் வடபுலத்தில், கிறித்தவத்துக்கு முற்பட்ட பிரேயா தேவியின் தேரைப் பூனைகள் இழுத்தன.

கிழக்காசியாவில் பௌத்தம் பூனையை ஒருவகைக் குற்றவாளியாக்கியது. புத்தரின் பரிநிர்வாணத்தின்போது எல்லா உயிர்களும் அழுது நிற்க, பூனை மட்டும் வரவில்லை என்றும், மருந்து கொண்டுவந்த எலியை அதுவே பிடித்துவிட்டது என்றும் வழங்கும் கதைகளால், யப்பானியப் பரிநிர்வாண ஓவியங்கள் பலவற்றில் பூனை இடம்பெறுவதில்லை. கியோட்டோவின் தோஃபுகுசி மடத்துக்காக ஓவியர் மின்சோ 1408இல் தீட்டிய பேரோவியத்தில் பூனை சேர்க்கப்பட்டிருப்பது அதனாலேயே புகழ்பெற்றது. கையசைத்து அழைக்கும் மனேகி நெக்கோ பொம்மை வணிக நலத்தின் குறியாக இன்று உலகெங்கும் கடை முகப்புகளில் அமர்ந்திருக்கிறது. வியட்நாமியர் ஆண்டுச் சக்கரத்தில் சீனரின் முயலுக்குப் பதிலாகப் பூனையை வைத்துள்ளனர். 2023 அவர்களுக்குப் பூனை ஆண்டு. தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களில் மழை பொய்த்தால் கூடையிலிட்ட பூனையை ஊர்வலமாகக் கொண்டுசென்று அதன்மேல் நீர் தெளிப்பர். 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்கிதையில், பூனை நகத்தால் நிலத்தைக் கீறுவது மழை அணிமையில் வருவதற்கு அறிகுறியாகக் கூறப்படுவதால், நெல்லை நம்பிய நாடுகளில் பூனையும் மழையும் இணைக்கப்பட்டதற்குப் பழமையான அடிப்படை ஒன்று இருந்திருக்கலாம்.

இதுவரை கூறியவை அனைத்தும் வீட்டுப் பூனையையோ அதன் நெருங்கிய உறவான காட்டுப்பூனையையோ பற்றியவை. மட்டக்களப்பு வாவிக்கு உண்மையில் உரிய பூனை வேறொன்று. இலங்கையின் காட்டுப் பூனையினங்கள் நான்கு: சிறுத்தை, காட்டுப்பூனை, உலகின் மிகச்சிறிய பூனைகளுள் ஒன்றான துருப்புள்ளிப் பூனை, இலங்கைத் தமிழில் கொடுப்புலி எனப்படும் மீன்பிடிப் பூனை. இந்நான்காவது வீட்டுப் பூனையைப்போல் இருமடங்கு பெரியது, சாம்பல் நிற உடலில் கரும்புள்ளிகள் வரிசைகளாக ஓடும், வால் குட்டையானது, விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு. சதுப்பும் கண்டற்காடும் நாணலும் உள்ள இடங்களில் இரவில் நீரோரத்தில் பதுங்கி, பாதத்தால் நீர்ப்பரப்பைத் தட்டி மீனை ஈர்த்துப் பிடிக்கும். தேவைப்பட்டால் நீருள் பாய்ந்து நீந்தும். பூனைக்கு நீர் ஆகாது என்னும் பொதுக் கருத்தை முற்றிலும் மறுப்பது இது. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இதனை உலகளவில் அழிவுக்குள்ளாகக் கூடிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. ஈரநிலங்கள் நிரப்பப்படுவதும், வீதிகளில் அடிபடுவதும், கோழியைத் திருடுவதாகக் கொல்லப்படுவதும் காரணங்கள். புள்ளியைக் கண்டு சிறுத்தைக்குட்டி என மயங்கி அடித்துக் கொல்வதும் உண்டு. குறுந்தொகைக் கோழிப்பேட்டின் அச்சம் இன்றும் பழையதாகிவிடவில்லை.

வாவி தனக்கெனக் குறியீடுகளைத் தேர்ந்தபோது இவ்விலங்கை எண்ணவில்லை. மீன் பாடும் தேன்நாடு என்னும் பெயரும், நிலவொளியில் கல்லடிப் பாலத்தடியில் கேட்பதாகச் சொல்லப்படும் இசையும், அவ்விசையை நீரரமகளிரோடு சேர்த்து விபுலாநந்தர் 1947இல் வெளியான யாழ் நூலில் அமைத்த கற்பனையும் மட்டக்களப்பின் அடையாளங்களாயின. பாடும் மீனுக்குக் கிடைத்த இடம், அம்மீனை உண்டு அதே கரையில் வாழும் விலங்குக்குக் கிடைக்கவில்லை. வங்கக் கடலின் மறுமுனையில் நிலைமை அண்மையில் மாறியிருக்கிறது. மேற்கு வங்காளம் 2012இல் மீன்பிடிப் பூனையைத் தன் மாநில விலங்காக ஏற்றது. ஒடிசாவின் சிலிகா ஏரியும் மட்டக்களப்பைப் போலவே கடலோடு கலக்கும் உவர்நீர்ப் பரப்பு. அதன் மேம்பாட்டு அதிகார சபை 2020இல் மீன்பிடிப் பூனையை ஏரியின் தூதராக அறிவித்தது. தொடர்ந்து மீனவரின் பங்கேற்போடு நடந்த கணக்கெடுப்பில், 2022இல் 176 விலங்குகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. கோவிலோ நெறிநூலோ கதைமரபோ முன்னிற்காமல், ஓர் ஏரியின் மக்களும் அதிகாரிகளும் சேர்ந்து, தம் நீர்ப்பரப்பின் நலத்துக்கு ஒரு பூனையை அடையாளமாக்கிய அரிய நிகழ்ச்சி இது. வாவியில் இரவில் தோணி செலுத்துவோரும், அறுவடைக் காலத்தில் வட்டையில் வாடி போட்டுக் காவலிருப்போரும் கொடுப்புலியைப் பற்றி அறிந்துவைத்துள்ள கதைகளும் பெயர்களும் அச்சங்களும், கூத்துப் பாடல்களையும் கண்ணகி காவியங்களையும் தேடித் தொகுத்த அதே அக்கறையோடு, அவற்றைச் சொல்லும் தலைமுறை இருக்கும்போதே எழுத்தில் பதிக்கப்பட வேண்டியவை.